வெட்டாத கொப்பு

வந்தாச்சோ எல்லாரும்? செத்தவீடெண்டால் தேத்தண்ணி வாற பக்கமாப் பாத்துக் கதிரை பிடிக்கிற ஆக்களல்லோ நீங்கள். இதுவும் ஒரு செத்தவீட்டுக் கதைதான். சிரிக்கிறதெண்டால் இப்பவே சிரிச்சு முடியுங்கோ.

கொழும்புத்துறையிலை சாஜன் யாகோப்பைத் தெரியாத ஆள் இல்லை. அந்தக் காலத்துச் சிலோன் ஆமியிலை இருபது வருசத்துக்கு மேலை கிடந்து, சார்ஜன்ட் பதவியிலை பென்சன் எடுத்து ஊருக்கு வந்த மனுசன். வேலியைக்கூட நூல் பிடிச்சுத்தான் வெட்டுவார். மனுசி செத்தாப்பிறகு மகள் யசிந்தாவுக்குத் தலையும் அவர்தான் பின்னுவார். ரெண்டு பின்னலும் ஒரே நீளம். ஒரு மயிர் பிசகாது.

அப்பிடிப்பட்ட மனுசன்ரை வேலியிலை, ஒரேயொரு பூவரசங் கொப்பு மட்டும் தெரு ஒழுங்கைக்குள்ளை கோணலா நீட்டிக்கொண்டு நிக்கும்.

"சாஜனுக்குக் கண் மங்கிப்போச்சு" எண்டு ஊர் சொல்லிச்சுது.

அந்தக் கொப்பிலைதான் வின்சன்ற் இலை புடுங்குவான். பள்ளிக்கூடம், "படிச்சது காணும் ராசா, நீ வீட்டை போ" எண்டு அனுப்பிவிட்ட பெடியன். இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து, ஆமிக் காம்பிலை விடிய ஊதுற பிகிள் மாதிரி, "பேப் பேப் பேபேபே" எண்டு படலைக்கு முன்னாலை நிண்டு ஊதுவான்.

உடனை சாஜன் சாரமும் பெனியனுமா ஓடி வருவார். நெஞ்சை நிமித்தி, விறைச்சு நிண்டு, ஒரு சலூட்!

"சாஜன் ஐயா, உங்கடை பட்டாளம் எங்கை?"

"லீவிலை போட்டினமடா!"

"துவக்கு?"

"துவக்குக்குக் காய்ச்சல்!"

ஒழுங்கை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கும்.

"கிழவனுக்குக் கழண்டுபோச்சு மச்சான். நான் நூலை இழுக்க அது ஆடுது" எண்டு வின்சன்ற் கூட்டாளி பேதுருவுக்குப் பெருமை அடிப்பான். ஆறு வருசம் உந்தப் பகிடி நடந்துது.

எண்பத்தாறிலை ஒரு நாள் விடிய ஊதினான். படலை திறக்கேல்லை. இன்னும் பலமா ஊதினான். உள்ளை இருந்து யசிந்தா அழுது குழறின சத்தம்தான் வந்துது.

அதோடை ஒழுங்கை பிரண்டுது. நேற்றுவரைக்கும் சிரிச்ச அதே வாயள்தான்.

"செத்த மனுசனுக்கும் ஊதியிருக்கிறான், அறுவான்!" எண்டு முன்வீட்டு மரியநாயகி மாமி திட்டின திட்டு, கடற்கரை மட்டும் கேட்டுது.

வின்சன்ற் செத்தவீட்டுப் பக்கம் போகேல்லை. சந்தி மதகிலை குந்தியிருந்தான். பேதுரு பக்கத்திலை.

"ஆமிக்காரன் செத்தால் வெடி வைச்செல்லோ மரியாதை செய்யிறது? ஆரடா வைக்கிறது?"

"கோட்டைக்குள்ளை இருக்கிற ஆமியைக் கேளன். அவங்கள் ஒவ்வொரு நாளும் ஷெல்லாலை வைக்கிறாங்கள், எங்கடை தலையிலை."

சொல்லிப்போட்டு வின்சன்றே சிரிக்கேல்லை.

அந்த நேரம் மரியநாயகி மாமி வந்து நிண்டா. "எழும்படா. யசிந்தா கூப்பிடுறாள்."

"அடிக்கவோ மாமி?"

"நானெண்டால் அடிப்பன்."

யசிந்தா பெட்டிக்குப் பக்கத்திலை இருந்தாள். தலை பின்னாமல் குலைஞ்சு கிடந்துது.

"வின்சன்ற் அண்ணை, பின்னேரம் சேமக்காலையிலை அப்பாவைக் குழிக்குள்ளை இறக்கேக்கை, நீங்கள் ஊதவேணும்."

"தங்கச்சி, எல்லாருக்கும் முன்னாலை என்ரை கன்னத்திலை ரெண்டு தா. வாங்கிறன். உது மட்டும் வேண்டாம்."

"வேறை ஆர் என்ரை அப்பாவுக்கு ஊதுவினம்?"

வின்சன்ற் வெளியிலை போய், அந்தக் கொப்பிலை ஒரு இலை புடுங்கினான்.

சேமக்காலையிலை சுவாமியார் செபம் முடிச்சார். பெட்டி இறங்கிச்சுது. வின்சன்ற் இலையை வாயிலை வைச்சான். வெறும் காத்துத்தான் வந்துது.

"எறியடா உதை, விசரா!" எண்டு ரெண்டு பேர் பாய்ஞ்சினம். யசிந்தா கையை நீட்டி மறிச்சாள்.

திரும்ப ஊதினான்.

"பேப் பேப் பேபேபே."

ஆறு வருசம் சிரிச்ச சனம் சிலுவை அடையாளம் போட்டுது. யசிந்தா குழிக்குள்ளை பாத்தாள். கண்ணாலை தண்ணி ஓட ஓட, வாய்விட்டுச் சிரிச்சாள்.

"அடி பாவி, தேப்பன்ரை குழியிலை நிண்டு சிரிக்கிறாய்!" எண்டா மாமி.

"மாமி, அம்மா செத்த வருசம் நான் ஆரோடையும் கதைக்கேல்லை, ஒழுங்காச் சாப்பிடேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு நாள் விடிய இவர் வந்து ஊதினவர். அப்பா முத்தம் கூட்டுற தும்புத்தடியோடை அடிக்கத்தான் ஓடினவர். அவர் ஓடின ஓட்டத்தைப் பாத்து நான் ஜன்னலுக்காலை சிரிச்சுப்போட்டன். அப்பா திரும்பிப் பாத்தார். தும்புத்தடியைக் கீழை போட்டார். சலூட் அடிச்சார்."

யசிந்தா கண்ணைத் துடைச்சாள்.

"அண்டையிலை இருந்து ஒவ்வொரு நாளும் சலூட் அடிச்சிட்டு, நான் சிரிக்கிறனோ எண்டு ஜன்னலைத்தான் பாப்பார்."

வின்சன்ற் அவளுக்குக் கிட்ட வந்தான். "அப்ப நான் அவரைப் பகிடி பண்ணுறன் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

"வேலி வெட்டேக்கை அந்தக் கொப்பிலை மட்டும் கத்தி வைக்க மாட்டார், அண்ணை. கேட்டால், 'உதை வெட்டினால் உவன் நாளைக்கு எதிலை ஊதுவான்?' எண்டுவார்."

திரும்பி வரேக்கை பேதுரு அவன்ரை தோளிலை கை போட்டான்.

"என்னடா, வாய் பூட்டிப்போச்சே? ஆறு வருசமா ஒழுங்கையையே சிரிக்கப் பண்ணினவன்."

வின்சன்ற் அந்தக் கோணல் கொப்புக்குக் கீழை நிண்டான்.

"ஊதினது அந்தாளடா. நான் வெறும் பீப்பீ."