சின்னச் செயலி காட்டிய படம்

போன் நிரம்பிவிட்டது, இனி எதுவும் வராது என்று ஸக்கியாவின் போன் திரை சொன்னது. மகன் ஹைதம் இத்தாலிக்குக் கள்ளப் படகேறிய பிறகு தகவலே இல்லை. தன் ஊரான மஹ்தியாவின் துறைமுகத்தருகே போன் கடை வைத்திருக்கும் லசாதிடம் ஓடினாள்.

கோப்புகளை ஒழுங்குபடுத்த அவன் ஒவ்வொரு செயலியாகப் போட்டுப் பார்த்தான்.

"இதுல பூரா விளம்பரம் பெரிம்மா. இது நம்பரையெல்லாம் கேக்குது. இந்தச் சின்னதைப் பாப்போம்."

சின்னதில் மட்டும், மற்றவை காட்டாத ஒரு படம் கூடுதலாக இருந்தது. ஈர மணலில் ஹைதம் நின்றிருந்தான். இடது காலில் ஷூ இல்லை. கீழே நாளைய தேதி.

"தேதியே தப்பாக் காட்டுது. வேற போடட்டுமா?"

"கையை எடுடா. இதுவே இருக்கட்டும்."

மறுநாள் மதியம் புதிய எண்ணிலிருந்து ஹைதம் கூப்பிட்டான்.

"கரை சேந்துட்டேம்மா. ஒரு ஷூதான் போச்சு."

"தெரியும்டா, இடது காலு. படம் அனுப்பினியே."

"எதுல அனுப்ப? என் போன் படகேறின அன்னைக்கே கடல்ல விழுந்துடுச்சும்மா."

அழுது ஓய்ந்தபின் ஸக்கியா படத்தை மறுபடி திறந்தாள். மகனுக்குப் பின்னால் அவன் சேர்ந்த கரையின் ஊர் தெரிந்தது. அப்படியானால் படம் கடலுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டிருந்தது.

"யாரா இருந்தாலும் நல்லாயிரு," என்றாள் கடலைப் பார்த்து.