மேலே நிற்கும் கைப்பிடி

"சக்கரம் இறங்கவே இல்லைங்கறீங்க. அதை இறக்குற கைப்பிடி மேலயே இருக்கே மாப்பிள்ளை," என்கிறார் மெக்கானிக், விமானியின் இருக்கைப் பக்கம் தலையை நுழைத்தபடி. விமானத்தை ஓட்டிவந்த தங்கை கணவர் வெளியே நிற்கிறார். அந்தக் குட்டி விமானம், தண்ணீரில் கால் தெரியாமல் மிதக்கும் வாத்தைப் போல, ஓடுபாதையில் வயிறு ஒட்டக் கிடக்கிறது. விசிறியின் இதழ்கள் நுனி சுருண்டிருக்கின்றன. உரசிய பெயிண்ட் தாரில் வெள்ளைக் கோடாக நீள்கிறது. சூடான எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருக்கிறது. சக்கரங்கள் சரியாக இருப்பதாக நேற்றுக் கையெழுத்துப் போட்டவர் மெக்கானிக்தான். "சக்கரம் இறக்காம இறங்கினா எச்சரிக்கை ஹாரன் கத்தியிருக்குமே?" என்கிறார் மெக்கானிக். "கத்துச்சு. நச்சரிப்பா இருக்குன்னு பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சேன்." ஓடுபாதையின் கோடியில் விசாரணை அதிகாரிகளின் ஜீப் திரும்புகிறது, அதன் கண்ணாடியில் மாலை வெயில் ஒருமுறை மின்னி அணைகிறது. "மறந்துட்டேன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும் மச்சான். அவங்க வர்றதுக்குள்ள அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் கீழே தள்ளி விட்டுடுங்க."