கழன்று விழுந்த ஜம்பர்

டர்பைனைக் கட்டுப்படுத்திவந்த பழைய சர்க்யூட் போர்டைக் கழற்றி, புதியதன் பக்கத்தில் வைத்தார்கள்.

"அக்கா, பின்னுகளை இணைக்கிற உங்க குட்டி ஜம்பரெல்லாம் எங்கெங்க இருக்கு? பார்த்து அதே மாதிரி எனக்கும் மாட்டணுமாம்," என்றது புதியது.

"என் இடத்துக்கு வரத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா?" என்று பழையது உடம்பைச் சிலிர்த்தது. ஒரு ஜம்பர் கழன்று விழுந்தது. அது இருந்த இடத்தைப் பழையது சொல்லவே இல்லை.

அந்த ஒன்று இல்லாமலேயே புதியதைப் பெட்டிக்குள் பொருத்திப் பூட்டினார்கள். அது வேகத்தைத் தப்பாகச் சொல்ல, டர்பைன் தாறுமாறாகச் சுழன்று, குலுங்கி நின்றது.

"அக்கா இருந்தா எனக்கு இப்படி வலிச்சிருக்காது," என்று டர்பைன் அலறியது.

எத்தனையோ வருஷமாக டர்பைனின் வாயால் பழையது கேட்க ஏங்கிய வார்த்தை.

"மூணாவது வரிசைடி தங்கச்சி, மூணாவது வரிசை!" என்று கத்தியது. பூட்டிய பெட்டிக்குள் இருந்த புதியதுக்கு அது கேட்கவில்லை.