இருபத்தேழிலிருந்து திரும்பியவை

அந்த அலுவலகத்தில் கம்பியில்லா ஹேண்ட்செட்டுகள் மொத்தம் ஆறு. இருபத்தொன்று முதல் இருபத்தாறு வரை. ரிசப்ஷன் அக்கா மாற்றிவிடும் அழைப்பை யாரும் எடுக்காவிட்டால், முப்பது விநாடியில் அது அவளிடமே திரும்பி வரும். எந்த எண்ணிலிருந்து திரும்பியது என்று திரையில் தெரியும்.

இன்று காலையிலிருந்து நான்கு அழைப்புகள் இருபத்தேழிலிருந்து திரும்பின. அப்படி ஒரு எண்ணுக்கு அவள் எந்த அழைப்பையும் மாற்றவே இல்லை. ஆனால் நான்கு பேரும் ஒரே புகாரைச் சொன்னார்கள்.

"'ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க'ன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

மண்டை காய்ந்துபோய் டெக்னீஷியனைக் கூப்பிட்டாள்.

"பழைய செட்டு ஏதாவது சோபா இடுக்குல கிடக்கும்க்கா. மெயின் பெட்டியில இருக்கற இந்த பட்டனை அமுக்கினா எல்லா செட்டுமே அடிக்கும். சத்தத்தை வெச்சுப் புடிச்சிடலாம்."

ஆறையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு அமுக்கினான். ஆறும் அடித்தன. ஒவ்வொன்றின் வாயாக அடைத்தான். ஏழாவது சத்தம் எங்கும் கேட்கவில்லை.

"இதோட சிக்னல் இந்தக் கட்டடத்தைத் தாண்டாதே" என்று தலையைச் சொறிந்தான்.

அவளுடைய செல்போன் அடித்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய வீட்டில், பள்ளி விடுமுறைக்குத் தனியாக இருக்கும் மகள்.

"அம்மா, நம்ம பீரோவுக்குள்ள ஏதோ ஃபோன் அடிக்குது. எடுக்கட்டுமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள், 'இருபத்தேழு எடுக்கப்பட்டது' என்று திரையில் வந்தது.

"ஏன்டி எடுத்தே?"

"நான் இன்னும் பீரோவையே திறக்கலையேம்மா. நீதானே உள்ளேர்ந்து, 'ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க'ங்கறே."