மாது வீட்டுச் சூரிய விளக்கு

"வெயில் இருக்கற ஊர்ல இந்த வெளக்கு சாவாதுன்னு சொன்னியா இல்லியாடா?"

"சொன்னேங்க…" என்று பிலவேந்திரன் முடிப்பதற்குள் மாதுவின் தடி அவன் தோளில் இறங்கியது.

சூரிய விளக்கு மாட்டிக்கொடுத்த மெக்கானிக்கைப் புளியமரத்தில் கட்டிவைத்திருந்தான் மாது. பெரிய வீட்டுக்காரர் தயவில் அவர் வீட்டிலிருந்து தன் வீட்டுக்கு ஓடிய கரண்டு வயரை, "இனிமே எங்க கரண்டு எங்க கூரையில" என்று ஊரறிய அறுத்தெறிந்தவன் அவன். பத்தே நாளில் விளக்கு அணைந்தது. இன்று காலை பழையபடி அந்த வாசலில் கைகட்டி நின்றபோது, பெரிய வீட்டுக்காரர் அவன் முகத்தில் காறித் துப்பினார்.

அந்த ஆத்திரமெல்லாம் தடியில் இருந்தது. அடுத்த அடியில் பிலவேந்திரனின் பல் தெறித்தது.

"பேட்டரில துளி கரண்டு ஏறலைங்கண்ணா. கூரைமேல இருக்கற பேனல என்ன பண்ணீங்க?"

"நான் என்னடா பண்ணேன்? கண்ணு மாதிரி பாத்துக்கச் சொன்னே. சித்திர வெயில்ல கண்ணாடி வெடிச்சிருமேன்னு வூட்ல இருந்த ஒரே கம்பளியப் போத்தி, பொட்டு வெயில் படாம காப்பாத்தறேன்!"

மாது மறுபடி தடியை ஓங்கினான். பிலவேந்திரன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான்.

"அண்ணா… அந்தக் கம்பளிய மட்டும் எடுத்துருங்கண்ணா…"