தலைவரின் முழங்கால்

"நீங்க கடைசியா எப்போ இந்த ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்தீங்க?"

அதிகாரி அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் 'மருத்துவமனை காப்போம்' குழுவின் தலைவர் தயாரித்து வந்த பேச்சில் அதற்குப் பதில் இல்லை.

அதுவரை இருபது நிமிடம் மூச்சு விடாமல் பேசியவர் அவர். நகரத்தில் ஏழு சிறிய அரசு மருத்துவமனைகளை மூடி, எல்லாவற்றையும் ஒரே பெரிய மருத்துவமனையோடு சேர்க்கப் போகிறார்களாம். பட்டியலில் இந்த ஆஸ்பத்திரியும் இருந்தது. ஒரு நாளைக்குச் சராசரியாக அறுபது பேராவது வந்தால் தப்பிக்கும். அதை நேரில் பார்த்து முடிவு செய்யத்தான் அதிகாரி வந்திருந்தார்.

"இது எங்களுக்கு இன்னொரு தாய் வீடு" என்று தலைவர் அப்போதுதான் முழங்கி முடித்திருந்தார். கைதட்டல்கூட இன்னும் ஓயவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்தத் தாய் வீட்டின் வாசற்படியை அவர் மிதித்ததே இன்றைக்குத்தான். பேனர் கட்டியது கேட்டில். மறியல் செய்தது கேட்டுக்கு வெளியே. இரண்டு தும்மல் வந்தால் அவர் ஓடுவது கடைவீதியில் இருக்கும் ஏசி போட்ட தனியார் மருத்துவமனைக்கு.

"அந்த ஆஸ்பத்திரியில ஊசி போடுற ரூம் எங்க இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?" என்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே மனைவி கேட்டாள். தலைவன் என்பவன் நோயாளியாகவும் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று அவர் விளக்கம் சொன்னார். சொன்னபோது அது நன்றாகத்தான் இருந்தது.

"அடிக்கடி வருவேன் மேடம்" என்றது அவர் வாய். மூளையைக் கலந்துகொள்ளும் பழக்கம் அதற்கு எப்போதுமே கிடையாது.

"அப்படியா? பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லுங்க."

தலைவருக்குப் பாதி உயிர் போயிற்று. கொண்டுவந்தவரைப் பார்த்ததும் மீதியும் போயிற்று. வாசலில் சீட்டு எழுதிக் கொடுக்கும் அம்மா. அந்த அம்மாவின் கடுகடுத்த முகத்தைப் பார்த்தே பாதி நோயாளிகள் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்று போன மாதம்தான் மேடையில் பேசியிருந்தார். அதற்கும் நல்ல கைதட்டல்.

முதல் பெஞ்சில் ஒரு வாட்ச்மேன் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். சர்க்கரைப் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். இங்கே என்றால் நடந்தே வந்துவிடுவார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், அரை நாள் போய்விடும். "இதை மூடிட்டா நான் எங்கயும் போகப்போறதில்ல சார். கால் போனாப் போகட்டும்" என்று கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் அவர் சொன்னதைத் தலைவர் பேச்சில் உருக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தக் காலுக்குத் தன் வாயாலேயே வேட்டு வைத்துவிட்டோமே என்று அவருக்கு நிஜமாகவே உறைத்தது. தலைவரே புளுகினார் என்று ஆனால், மற்றவர்கள் சொல்வதை யார் நம்பப் போகிறார்கள்?

"வர்றார் மேடம்" என்றார் சீட்டு அம்மா. "நாலு வருஷமா புதன்கிழமை தவறாம வர்றார். வலது முழங்கால் வலி."

தலைவர் திருதிருவென்று முழித்தார். பெரிய மனசுதான், ஆனால் பக்கத்தைப் புரட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே?

அதிகாரி புரட்டினார். இருந்தது. அவர் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் இருந்தது. போன புதன்கிழமை, அதற்கு முந்திய புதன்கிழமை, போன வருஷம், அதற்கும் முந்திய வருஷம். மை மங்கிப்போன பக்கங்களிலும் அவர் முழங்கால் விடாமல் வலித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'மருந்து வேண்டாம், நடைப்பயிற்சி' என்று எழுதியிருந்தது.

எட்டிப் பார்த்தார். அவருக்குக் கீழே அவர் மனைவிக்கு இடுப்புப் பிடிப்பு. குழுச் செயலாளருக்கு ஓயாத ஏப்பம். பொருளாளருக்குத் தூக்கம் வரவில்லை. கைதட்டிய கூட்டத்தில் பாதி அந்த நோட்டில் படுத்துக் கிடந்தது. ஒருவருக்கும் ஒரு மாத்திரைகூடச் செலவாகவில்லை.

"இவரை நீங்க இங்க பாத்திருக்கீங்களா?" என்று அதிகாரி வாட்ச்மேனைக் கேட்டார்.

வாட்ச்மேன் தலைவரைப் பார்த்தார். சீட்டு அம்மாவைப் பார்த்தார்.

"என் பக்கத்துலதாம்மா உக்காருவார். என்னைவிட மோசமா நொண்டுவார்."

அதிகாரி மேலும் சில பக்கங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். ஒரு நாளைக்கு அறுபத்தொரு பேர். பட்டியலில் இருந்து இந்த ஆஸ்பத்திரியை அடித்துவிட்டுக் கிளம்பினார்.

வழியனுப்ப எழுந்த தலைவர் மறக்காமல் நொண்டினார். ஜீப் தெருமுனை திரும்பும்வரை நொண்டினார். ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியபோதும் வலது காலை நீட்டியே வைத்திருந்தார்.

கூட்டம் கலைந்ததும் வெட்கத்தோடு சீட்டு ஜன்னலுக்குப் போனார். எப்படி என்று கேட்டார். நிஜமாக வருகிறவர்கள் நாற்பது பேர்தானாம். அறுபது என்ற விதி வந்த வருஷமே, வீடு வீடாகக் கணக்கெடுத்த பட்டியலை எடுத்து, குறைகிற இடத்தையெல்லாம் அந்த அம்மா நிரப்ப ஆரம்பித்துவிட்டாராம்.

"ஆனா என் பேரை ஏம்மா எழுதினீங்க?"

"வராதவங்க பேரைத்தானே சார் எழுத முடியும்? வர்றவங்க பேரை ஏற்கெனவே எழுதியாச்சே."

மேடையில் பேசியதற்குத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைதட்டலை எதிர்பார்க்காமல் பேசினார். அந்த அம்மாவின் முகத்தில் அதே கடுகடுப்புதான் இருந்தது.

"வர்ற புதன்கிழமையாவது நீங்களே வந்து உக்காருங்க சார். நாலு வருஷமா உங்க முழங்காலை நான் ஒருத்தியே வலிக்க வெச்சுட்டிருக்கேன்."