ஆறரை மணி ஆஜர்

"வீராயி!"

"ஆஜருங்க, ரைட்டரய்யா!"

"காவேரி!"

"வந்துட்டேனுங்க! ஆஜருங்க!"

சுதாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்காட்டுப் பனி எலும்பைக் குடைகிறது. இந்தக் காலை நேரத்தில் எழுபது வயசுக்காரர்களை வாசலுக்கு வரவழைத்து, இந்த மனுஷன் நோட்டும் கையுமாகப் பேர் கூப்பிடுகிறாராம்!

கிளியூர்ப் பக்கத்தில் உள்ள அந்தக் குடியிருப்புக்கு அவள் நர்ஸாக வந்து ரெண்டே நாள்தான் ஆகிறது. வேலையிலிருந்து ஓய்ந்த எஸ்டேட்காரர்களுக்காக ஒரு டிரஸ்ட் கட்டிக் கொடுத்த இருபது வீடு. நோட்டுக்காரர் பொன்னுவேலும் அங்கே குடியிருப்பவர்தான். அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதிய ரைட்டர்.

நேராக வீராயியிடம் போனாள்.

"ஏனுங்கம்மா, இன்னுமா அவருக்குப் பயப்படறீங்க? இன்னைக்கே ஆபீஸ்ல சொல்லி இதை நிறுத்தறேன்."

வீராயி பதறிப்போனாள்.

"ஐயோ, வேண்டாஞ் சாமி! பாவம், போன வருசத்துல இருந்து அவருக்குப் புத்தி பெசகிருச்சு. இன்னும் எஸ்டேட்லயே இருக்கறதா நெனப்பு. வேலை முடிஞ்சதும் எஸ்டேட் லைன் ஊட்டைக் காலி பண்ணச் சொன்னப்ப போக்கிடமில்லாம நின்னோம். ஒவ்வொருத்தருக்கா மனு எழுதி, அலைஞ்சு, இங்க ஊடு வாங்கிக் குடுத்தது அவருதானுங்க. அந்த மனுசனுக்கு ஒரு குரல் குடுத்தா நாங்க கொறைஞ்சா போயிருவோம்?"

சுதாராணியின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பேர் கூப்பிட்டு முடித்துத் திரும்பிய பொன்னுவேலிடம் இதமாகப் பேசினாள்.

"ஐயா, நாளைக்கு எங்கூட சேலம் வர்றீங்களா? நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார். மாத்திரை சாப்பிட்டா எல்லாம் தெளிஞ்சிரும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு எல்லாம் தெளிவாத்தான் இருக்குது கண்ணு. எஸ்டேட்டை விட்டு வந்து ஒம்பது வருசமாச்சு."

"அப்புறம் எதுக்குங்கய்யா இந்த ஆஜரு?"

"போன மாசியில நம்ம மாதையன் ஊட்டுக்குள்ள வழுக்கி உழுந்து ரெண்டு நாள் கெடந்தான். பக்கத்து ஊட்டுக்குக்கூடத் தெரியலை. ஏதோ புண்ணியம், பொழைச்சுக்கிட்டான். தெனமும் காலையில ஒருக்கா வெளிய வந்து தலையைக் காட்டுங்கன்னு ஊடு ஊடாப் போய்க் கெஞ்சுனேன். 'எங்களுக்கு என்ன கேடு, உங்க வேலையப் பாருங்க'ன்னுட்டாங்க. நொம்ப ரோசக்காரங்க! தனக்காகன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க கண்ணு. ஒரு கிறுக்கனுக்காகன்னா, ஒருத்தர் பாக்கியில்லாம வந்துர்றாங்க."